போட்டோ இல்லாவிட்டால் குளியல் இல்லை

காலை எட்டே கால் மணிக்குள் பட்டியல் அக்காவின் காது சூடேறிவிட்டது. முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கவனித்துக்கொள்ளும் கம்பெனியில், எந்த வீட்டுக்கு யார் போவது என்று பட்டியல் போடுவது அவள் வேலை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீடுகள் நாற்பத்து மூன்று, ஆட்கள் முப்பத்தொன்று. அன்றைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. எப்படியோ இழுத்துப் பிடித்துக் கட்டங்களை நிரப்பி, ஆறிப்போன தேநீரில் வாய் வைக்கும்போது மறுபடி மணி அடித்தது.

"அக்கா, நான் கண்டக்டர் வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"உள்ள போகாம வாசல்ல என்ன வேலை?"

"உள்ள போயிட்டுத்தான் வந்தேன். 'கிளம்பு'ன்னுட்டாரு."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணலக்கா. மாத்திரை குடுத்தேன், போட்டோ எடுத்தேன். அவ்வளவுதான்."

ஒரே வாரத்தில் இது நான்காவது ஆள். கண்டக்டர் என்பவர் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். மனைவி இல்லை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வருவதில்லை. இரவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து துணைக்குப் படுத்துக்கொள்வார். பகலுக்கு ஆள் வேண்டும் என்று வேறு ஊரிலிருக்கும் மகள் கம்பெனியில் ஏற்பாடு செய்திருந்தாள். முதல் ஆளை இரண்டாம் நாளும், அடுத்தவளை முதல் நாள் சாயங்காலமும், மூன்றாமவளை மத்தியானத்துக்குள்ளும் அனுப்பியவர், இன்றைக்கு அரை மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார். காரணம் கேட்டால் "சரிப்படல" என்ற ஒரே சொல்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். எந்தத் தொல்லையையும் சிரித்த முகத்தோடு அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கத் தெரிந்த மனிதர்.

"மேடம், நீங்களே ஒரு நாள் போயிட்டு வந்துடுங்களேன். பழைய அனுபவம் இருக்குல்ல?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் ஆட்களைத் தூக்கியும் புரட்டியும் இடுப்பு போனதால்தான் இந்த நாற்காலிக்கு வந்தாள். அதற்குப் பெயர் அனுபவமாம்! ஆனாலும் அனுப்ப வேறு ஆள் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் கம்பெனியில் ஒருவரைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை, அதை ஒட்டிச் சமையலறை. ஜன்னலோரக் கட்டிலில், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். பிடித்து நடக்கும் கம்பிச் சட்டத்தில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க எத்தனையாவது?" என்றார்.

"அஞ்சாவது."

"ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?"

"இல்லைங்கய்யா. இப்ப நான்தான் ஆபீசு."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் தளர்ந்தது. குளிக்க ஒத்துக்கொண்டார்.

கை வேலையை மறக்கவில்லை. சட்டையை நல்ல கைப்பக்கம் முதலில் கழற்றினாள். குளியலறை நாற்காலியில் ஈரத்துண்டை விரித்து, வழுக்காமல் உட்காரவைத்தாள். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்தாள். எட்டுகிற இடத்தை அவரே தேய்த்துக்கொள்ள விட்டு, எட்டாத முதுகை மட்டும் தேய்த்துவிட்டாள். துடைத்து மாற்றுச் சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைத்தாள்.

"உங்களுக்கு வேலை தெரியுதும்மா," என்றார்.

அப்போது அவள் பையில் போன் கத்தியது. ஒரு முறை அல்ல, விடாமல்.

அவள் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. சாயங்காலம் நாலு வரி எழுதினால் முடிந்தது. இப்போது எல்லாம் போனில். உள்ளே நுழைந்தால் ஒரு பொத்தான், மாத்திரைக்கு ஒரு படம், சாப்பாட்டுக்கு ஒரு படம், குளிப்பதற்கு முன்னால் ஒன்று, குளித்து முடித்து ஒன்று. படம் வராவிட்டால் போன் இப்படிக் கத்தும், ஆபீஸ் திரையில் அந்த வீட்டின் வரி சிவப்பாகிவிடும். சிவப்பைக் கண்டதும் பட்டியல் அக்கா போனை எடுப்பாள்: "போட்டோ இல்லன்னா குளிப்பாட்டலன்னுதான் அர்த்தம்!" இந்த இரண்டு வருஷத்தில் அவளிடம் அந்த வசவை வாங்காதவர் யாருமில்லை. ஒரு வீட்டுக்குள் நின்று தானே அந்தப் படத்தை எடுத்துப் பார்த்ததில்லை.

குளியல் படம் போனது போகட்டும், சாப்பாட்டையாவது எடுப்போம் என்று நினைத்தாள். பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். கண்டக்டர் இடது கையால் கரண்டியைப் பிடித்தார். முதல் வாய் சரியாகப் போனது. இரண்டாவதில் பாதி மோவாயில் வழிந்து புதுச் சட்டையில் சொட்டியது. அவள் போனைத் தூக்கினாள்.

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயா, ஒரே ஒரு படம்..."

"நீங்களும் அதேதானா? கிளம்புங்க."

இடுப்பு வலி, மூன்று மாடி, ஆறிய தேநீர் எல்லாம் சேர்ந்து அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது.

"ஏங்கய்யா, படம் எடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க? இதுக்காகவா நாலு பேரை விரட்டுனீங்க?"

அவர் திரும்பினார். மோவாயில் பால் அப்படியே இருந்தது.

"அந்தப் படம் எங்க போவுதுன்னு தெரியுமா? என் மகளுக்கு. அவ அதைத் தூக்கிக் குடும்ப குரூப்புல போடுறா. எம் மச்சான் கைகூப்புற பொம்மை அனுப்புறான். சின்ன வயசுல எங்கிட்ட அடி வாங்குனவன்மா அவன்! குளிக்கப் போற படம், குளிச்ச படம், வாயில ஒழுகுற படம்... அந்தப் புள்ளைங்க மேல எனக்கு என்ன கோவம்? போனைத் துரத்த முடியல, ஆளைத் துரத்துறேன்."

பட்டியல் அக்கா போனைத் தாழ்த்தினாள். துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவரே துடைத்துக்கொண்டார். போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

பத்தரைக்கு அவள் போனுக்கே ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து தானாகவே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'உரிய நேரத்தில் படம் பதிவு செய்யப்படாததால் இன்றைய பணி நடைபெறாததாகக் கருதப்படும். விளக்கம் தரவும்.' அவளே உட்கார்ந்து எழுதிய வாசகம். கடைசி வரியில் அவள் பதவிகூட இருந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னாலேயே மேனேஜர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க வரியே சிவப்பா இருக்கே?"

"குளிப்பாட்டியாச்சு சார். சாப்பிட்டாச்சு."

"போட்டோ?"

"போட்டோ குளிக்காது சார், மனுஷன்தான் குளிப்பான்! வேணும்னா வந்து மோந்து பாருங்க, சோப்பு வாசனை வருது."

கட்டிலிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "சிஸ்டம் ஒத்துக்காது மேடம்" என்று ஐந்து முறை சொன்னார். ஆறாவது முறைக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

மகளோ எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள். "இன்னிக்கும் ஆள் ஓடிட்டாங்களா? காலையிலேர்ந்து ஒரு படம்கூட வரல!"

விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் குரல் இறங்கி வந்தது.

"எனக்கு வேற எப்படி மேடம் தெரியும்? போன் பண்ணா 'நல்லாயிருக்கேன், வை'ங்குறாரு. ரெண்டே வார்த்தை. விழுந்து கிடந்தப்பவும் அதேதான் சொன்னாரு."

பட்டியல் அக்கா போனைக் கண்டக்டரிடம் நீட்டினாள். "ரெண்டு வார்த்தையில முடிச்சீங்கன்னா நான் படம் எடுத்துடுவேன். பார்த்துக்குங்க." அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே குளித்ததைச் சொன்னார், ரொட்டி இனிப்பில்லாமல் இருந்ததைச் சொன்னார், காலையில் கால் மரத்துப்போனதையும் சொன்னார். கடைசியாக, மச்சானைப் பற்றியும் சொன்னார். "சரிப்பா, இனிமே போடமாட்டேன்" என்று மகள் சொன்னது அறைக்கே கேட்டது.

கம்பெனியை வழிக்குக் கொண்டுவர இன்னும் நான்கு நாள் பிடித்தது. மகளிடம் கடிதம் வாங்கி, அதை மேனேஜர் மேலிடத்துக்கு அனுப்பி, மேலிடம் இரண்டு கேள்வி கேட்டு, கடைசியில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆளுக்குப் பதில் காலிக் கிண்ணத்தையும் ஈரத்துண்டையும் படம் எடுத்தால் போதும் என்று இறங்கிவந்தார்கள். மற்ற நாற்பத்திரண்டு வீடுகளை என்ன செய்வது என்று கூட்டத்தில் எழுந்து கேட்டாள். "பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். "அதான் பார்க்கலாம்னு சொன்னோமே மேடம்" என்றார்கள்.

கண்டக்டர் வீட்டுக்கு ஆறாவதாகப் போனவள் நிலைத்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய குரல். இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. மூன்றாவது வாரம், ஆள் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த ஒரு காலையில் போன் வந்தது.

"கண்டக்டர் பேசுறேன். இந்தப் பொண்ணு நாள் முழுக்கப் பாடுதும்மா. சுருதியே சேரல."

பட்டியல் அக்காவின் திரையில் ஏற்கெனவே மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

"மாத்திடவாங்கய்யா?"

"நான் மாத்தச் சொன்னேனா? பாடுதுன்னுதானே சொன்னேன்."

"அப்ப எதுக்குங்கய்யா கூப்பிட்டீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் சரியாக எட்டே காலுக்குக் கூப்பிடுகிறார்.