இறங்க மலையே போதும்

முத்துக்கண்ணன் மாமாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. போடியில் இருபது வருஷமாக ஜீப்பு மெக்கானிக்காக இருக்கிறேன். பிடிவாதக்காரர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பே. அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

மாமா முப்பது வருஷம் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவர். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போவார், சாயங்காலம் கூட்டிவருவார். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டில் ஒருத்தர் அவர் பெண்டாட்டி தேவியக்கா. டிரைவர் பெண்டாட்டி முன்சீட்டில் உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒரு மாதிரி பேசுவார்களாம். அதனால் அக்கா இத்தனை வருஷமும் பின்னாலேயே, யாரோ ஒருத்தியின் தூக்குவாளியையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தார்.

மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. இறக்கத்தில் கடைசி ஐந்தாறு வளைவு வரும்போது சரிவு கொஞ்சம் தணியும். அங்கே வண்டியை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிடுவார்.

"ஏறத்தான் மாப்ளே டீசல் வேணும். இறங்க மலையே போதும்" என்பார்.

நானும் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேலே ஒரு எஸ்டேட் கைமாறியது. ஷெட்டில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்றார்கள். ஆளாளுக்குத் தகரமும் பலகையும் தூக்கிக்கொண்டு போக, இந்த மனிதர் ஒரு காரைக் கொண்டுவந்தார். அறுபது வருஷத்துப் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியோடு சேர்த்துத்தான் லாரியிலிருந்து இறக்கினோம்.

"உனக்கென்ன கிறுக்கா மாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டே சீட்டு மாப்ளே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. ஒரு தடவையாச்சும் முன்னால உக்கார வச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

இதற்குப் பிறகு எப்படி முடியாது என்று சொல்வது? நானும் அந்தக் கிறுக்கில் சேர்ந்துகொண்டேன்.

போன வருஷம் எஞ்சின் ஓடியது. பிரேக்தான் சரியில்லை. ஒருநாள் அக்காவை ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் போனவர், ஒரு பூசணிக்காய் வண்டியில் மோதித்தான் நிறுத்தினார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா இறங்கி நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ பிரேக்கு புடிக்கலைன்னா இத பழைய இரும்புக்குப் போட்டுரணும். நானே தள்ளிக்கிட்டு வர்றேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். மாமா முகம் செத்துப்போய் என் பட்டறைக்கு வந்தார்.

பிரித்துப் பார்த்தேன். பூஸ்டர் போயிருந்தது. பெடலுக்கு முன்னால் இட்லிக் குண்டான் மாதிரி ஒரு இரும்பு டப்பா இருக்கும். ஓடுகிற எஞ்சின் அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச, அந்த உறிஞ்சல்தான் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அமுக்கும். உள்ளே இருந்த ரப்பர் கிழிந்து கந்தலாகிக் கிடந்தது.

அந்தக் காருக்கென்று செய்த பூஸ்டர் எங்கும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய அதே அளவில் ஒன்று வந்தது. போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. தகடு வெட்டி, துளை போட்டு, அதை நடுவில் கொடுத்து முறுக்கினேன். அடுத்து, உள்ளே தள்ளும் கம்பியின் நீளம் சரியாக இருக்க வேண்டும். நீண்டால் பிரேக் விடாது, குறைந்தால் பெடல் பாதி தூரம் சும்மா போகும். பக்கத்துப் புரோட்டா கடையில் ஒரு உருண்டை மாவு வாங்கிக் கம்பி நுனியில் ஒட்டினேன். அந்தக் கம்பி போய் முட்டும் மாஸ்டர் சிலிண்டரை மாட்டிக் கழற்றி, மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தேன். கம்பி நுனியை மூன்று தடவை திருகிச் சரிசெய்ததும் மாவு கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வந்தது, அவ்வளவு இடைவெளிதான் வேண்டும். துடைத்துவிட்டு மாட்டினேன்.

மாமாவை ஏற்றி உட்காரவைத்துப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி எஞ்சினைப் போட்டேன். பெடல் மெல்ல உள்ளே இறங்கியது, பூஸ்டர் வேலை செய்கிறது.

"வெண்ணெ மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். எனக்குத்தான் சீட்டு இல்லையே, பைக்கில் பின்னால் போனேன். அக்கா புதுச்சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஏற்றத்தில் கார் அருமையாகப் போனது. போடிமெட்டில் பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்தோம். திரும்பி இறங்கினோம். முக்கால் மலை இறங்கியும் பிரேக் சொன்னபடி கேட்டது.

கடைசி வளைவுகள் வந்தபோது எஞ்சின் சத்தம் நின்றது. ஒரு வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது, கார் வேகம் தணிந்து திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாவதில் விளக்கு எரிந்தது, வேகம் தணியவில்லை. மாமா கைப்பிரேக்கை இழுத்து மலைப்பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். என் வேலைதான் பொய்த்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பெடலு கல்லு மாதிரி ஆயிருச்சு மாப்ளே" என்றார் மாமா. அக்கா இறங்கி நின்றார்.

சாவியைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

"அணைச்சது யாரு?"

"நான்தான். இறக்கம்தானே?"

வந்த கோபத்துக்கு அளவில்லை. "பழைய ஜீப்புல பூஸ்டரே இல்ல மாமா, காலு பலத்துல நின்னுச்சு. இது எஞ்சின் ஓடுனாத்தான் வேலை செய்யும். அணைச்சா உள்ள மிச்சமிருக்க உறிஞ்சல் ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும்."

மாமா தலையைத் தொங்கப்போட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, உள்ளதச் சொல்லு. குத்தம் வண்டியிலயா, ஆளுலயா?"

"ஆளுலதான்க்கா."

"அப்பச் சரி" என்று அக்கா மறுபடி ஏறி உட்கார்ந்தார். "இந்த ஆளத்தான் முப்பது வருஷமாச் சமாளிக்கிறேனே."

அந்தக் காரில் சாவி இரண்டு சீட்டுக்கும் நடுவே, டேஷ்போர்டில் இருக்கும். மாமா எஞ்சினைப் போட்டதும் அக்கா சாவியின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார். அடுத்த வளைவிலேயே பழக்க தோஷத்தில் மாமாவின் கை அங்கே போனது. விழுந்த அடி பைக்கில் வந்த எனக்கே கேட்டது.

மலையடிவாரத்தில், முந்தலில், டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். அணைக்கலாமா என்று மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா கையை எடுக்கவில்லை.

"டீயெல்லாம் அப்பறம் குடிக்கலாம். வண்டியத் திருப்பு, மலை தாண்டி பூப்பாறை வரைக்கும் போயிட்டு வருவோம்."