மாமாவின் காசா

எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி முழுவதும் ஒரு வீட்டைப் பற்றியது. கற்றுத் தந்தவர் அம்மாவின் தம்பி. யுத்தத்துக்கு முந்திய காலம். பல வருஷங்கள் கப்பலில் துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த மாமா, ஒரு நாள் தகரப் பெட்டியுடன் எங்கள் ஊரான குருநகருக்கு வந்து இறங்கினார். இனி அவரைக் கப்பலேற விடுவதில்லை என்று அம்மா உறுதி எடுத்தாள். அதற்கு அவள் கண்ட வழிகள் இரண்டு: ஒடியல் கூழ், கலியாணம்.

கூழ் மாமாவுக்குப் பிடித்திருந்தது. கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். நானும் பின்னால் ஓடுவேன். வலை காயப்போட்ட மணலில்தான் பாடம் நடந்தது. காசா என்றால் வீடு. காசா கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காசாவின் கதவு நீலம். பின்னேரத்தில் கதவடியில் ஒரு சின்னப் பெண் காத்து நிற்கிறாள். இவ்வளவையும் அந்தப் பாஷையில் சொல்ல வைப்பார். ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டார். எங்கள் வீடும் கடலோரம். அந்தச் சின்னப் பெண் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவுதான் நீலமில்லை. மாமா அழகுக்காகப் பூசியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பெண்வீட்டார் கலியாணம் பேச வந்தார்கள். மாமா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய கெட்டித்தனம் அவர்களுக்குத் தெரியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிக் கைகட்டி நின்று, "லா காசா எஸ்தா செர்க்கா தெல் மார்" என்று தொடங்கி முழுப் பாடத்தையும் ஒப்புவித்தேன். விளங்காத பாஷை என்றால் எங்கள் ஆட்களுக்கு அது கோயில் லத்தீன்தான். பெண்ணின் தகப்பன் சால்வையை இறக்கிவிட்டு எழும்பினார். மற்றவர்களும் எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார்கள். நான் முடித்ததும் எல்லோருமாக "ஆமென்" என்றார்கள்.

"செபத்தோடை தொடங்கியிருக்கு. இனி என்ன குறை?" என்றார் பெண்ணின் தகப்பன்.

மாமா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தம்பிக்கு வந்த பக்தியைப் பார்த்து அம்மா பூரித்துப் போனாள்.

அடுத்த கிழமை தகரப் பெட்டி திரும்பவும் வாசலுக்கு வந்தது. அம்மா அடுப்படியில் இருந்து அழுதாள், வெளியே வரவில்லை. மாமா எனக்கு முன்னால் குந்தி இருந்தார்.

"பிள்ளை, நான் காசாவுக்குப் போறன்."

"பிழை, மாமா. காசாவிலை நிண்டுகொண்டு காசாவுக்குப் போறன் எண்டு சொல்லக்கூடாது."

அவர் கண் கலங்க என் தலையைத் தடவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

படிப்பித்தவரையே திருத்திவிட்ட பெருமையில் அன்று முழுவதும் தலைநிமிர்ந்து திரிந்தேன். எங்கோ ஒரு கடலோரத்தில் அந்தக் கதவு உண்மையாகவே நீலம் என்பதும், அதனடியில் காத்து நிற்பவள் நானல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.