பன்னிரண்டாம் இலக்கச் சட்டை

எனக்குப் பந்தோடு ஓடத் தெரியாது என்பது பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை நான் பெரிய விளையாட்டுக்காரி என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள் நான்தான். ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடமாகியும் அந்த மிதப்பு இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் பல்கலைக்கழகம். அதன் விளையாட்டு அணிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் கூடைப்பந்து அணி எல்லோரிடமும் தோற்றது. ஆள் போதாமல் உணவகக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வலைப்பந்தும் கூடைப்பந்தும் ஒன்றுதானே, வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு இரட்டைப் பின்னலோடு போய் நின்றேன்.

அவ்வளவுதான் இல்லை. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். காலை எடுத்து நடந்தால் விசில் அடித்துவிடுவார்கள். எதிராளி பந்து வைத்திருந்தால் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். பலகையும் கிடையாது, வெறும் வளையத்துக்குள் போட வேண்டும். இது எல்லாம் என் எலும்பில் ஊறிக் கிடந்தது. பந்து வந்தது, நான் ஆணி அடித்தாற்போல் நின்றேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் "ஓடு, ஓடு" என்று கத்தினார்கள். எனக்கு எதிரே நின்ற பெண் இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று பயந்து பின்வாங்கினாள். நானும் மரியாதையாக இருக்கட்டுமே என்று நின்ற நிலையிலேயே பந்தை உயரத் தூக்கி எறிந்தேன். அது பலகையைத் தொடாமல் வளையத்துக்குள் இறங்கியது.

பயிற்சியாளர் ஆறடிப் பெண். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னொருமுறை" என்றார். போட்டேன். பத்துக்கு எட்டு போட்டேன். பத்தையும் போட்டிருப்பேன், இரண்டு முறை சிரிப்பு வந்துவிட்டது.

அவர் எனக்குப் பன்னிரண்டாம் இலக்கச் சட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். "இது உனக்கு இரவல். வெள்ளிக்கிழமை போட்டிக்குள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகு. போட்டி முடிந்ததும் முடிவு செய்வோம். ஒன்று நீ அணியில் இருப்பாய், இல்லாவிட்டால் சட்டை திரும்பி வரும்." ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பிரதியை மடித்து அதே பைக்குள் போட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது அம்மா, உடுப்புத் தைக்கிற பக்டரியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தா. என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"அம்மா, நான் யூனிவசிற்றி ரீமிலை செலக்ட் ஆகீற்றன்!"

"மெய்யாவோ? எங்கை, உடுப்பைக் காட்டு பாப்பம்."

சட்டையை விரித்துப் பிடித்தா. அது என் முழங்கால் வரை வந்தது. "உதுக்குள்ளை நீயும் நானும் சேந்து போகலாமடி" என்று சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டா. அம்மாவும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வலைப்பந்து விளையாடியவதான். இரவல் என்ற ஒரு சொல்லை மட்டும் நான் விழுங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பழகிவிட்டால் அது பொய்யே இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் பழகினேன். தட்டினால் பந்து என் சப்பாத்திலேயே பட்டு ஓடியது. ஒருமுறை பக்கத்து வீட்டு வான் வண்டிக்கு அடியில் போய், நான் குப்புறப் படுத்து எடுக்க வேண்டியதாயிற்று. பந்தைப் பார்த்தால் ஓட வரவில்லை, ஓடினால் பந்து வரவில்லை.

புதன்கிழமை உள்ளே வந்தால் தையல் மெஷின் பக்கத்தில் சட்டை தொங்கியது. இரண்டு பக்கமும் பிடித்து, கீழே வெட்டி, மடித்துத் தைத்து, அச்சாவாக என் அளவுக்கு வந்திருந்தது. வெட்டிய துணி குப்பைக் கூடைக்குள் கிடந்தது. இதை இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆனால் உண்மையைச் சொல்கிறேன், போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது பயத்தைவிடச் சந்தோசம்தான் கூட இருந்தது. அவ்வளவு வடிவு.

வெள்ளிக்கிழமை அம்மா ஷிப்ற் மாற்றிக்கொண்டு வந்துவிட்டா. பார்க்க வந்தது மொத்தம் பதினைந்து பேர் இருக்கும். அதில் ஒருவர் எதிரணியைக் கொண்டுவந்த பஸ் சாரதி. பனிக்கால ஜக்கெற்றோடு முன் வாங்கில் இருந்த அம்மாவின் குரல்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"உவள் பந்தோடை ஓடுறாள்! விசில் அடியுங்கோ! ஐயோ, எல்லாரும் ஓடுறாளவை, உந்த மனுசன் பாத்துக்கொண்டு நிக்கிறார்!"

நடுவருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம்.

நாங்கள் இருபத்துமூன்று புள்ளி பின்னால். நாலு நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் என்னை உள்ளே அனுப்பினார். பந்து வந்தது. பழகியபடி தட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது தட்டில் அது என் சப்பாத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி, நேரே அம்மாவின் காலடிக்குப் போனது. அம்மா அதை எடுத்து எறிந்துவிட்டு, "ஏனடி ஓடுறாய்? நில்லடி!" என்றா.

அடுத்த பந்துக்கு நின்றேன். என்னைத் தடுக்க வந்தவள் நான் ஓடுவேன் என்று நம்பி ஒரு பக்கம் பாய்ந்து என்னைக் கடந்து போய்விட்டாள். தூக்கி எறிந்தேன். விழுந்தது. மறுபடி நின்றேன், விழுந்தது. மூன்றாவதும் விழுந்தபோது எங்கள் வாங்கில் இருந்தவர்கள் எழும்பிக் குதித்தார்கள். நான் ஆட்டத்தின் நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். பதினேழு புள்ளியால் தோற்றோம். கிண்ணம் வென்றது போலக் கட்டிப்பிடித்தோம்.

பிறகு பயிற்சியாளர் வந்தார். என் சிரிப்பு நின்றது.

"தட்டிக்கொண்டு ஓட நீ பழகவில்லை" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அவருடைய கண் சட்டையில் நின்றது. ஓரத்தைப் பிடித்துத் திருப்பித் தையலைப் பார்த்தார். "இது யார் வேலை?"

அம்மாவைக் காட்டினேன். அம்மா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றா.

"இனி இது வேறு யாருக்கும் பொருந்தாதே." அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விசில் நெஞ்சில் துள்ளத் துள்ளச் சிரித்தார். "சரி. நீ நின்றே எறி. மற்றவர்கள் ஓடட்டும். சட்டையை வைத்துக்கொள்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோசத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அம்மா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அண்டைக்கு என்னைச் செலக்ட் பண்ணேல்லை. சட்டை இரவல்தான்."

"தெரியும்" என்றா அம்மா, யன்னலைப் பார்த்தபடியே.

"எப்பிடித் தெரியும்?"

"பைக்குள்ளை கடுதாசி கிடந்தது. திருப்பித் தரவேணும் எண்டு போட்டிருந்தது. அதை வாசிச்சுப்போட்டுத்தான் கத்திரிக்கோலை எடுத்தனான்."