போனவர்களையும் சேர்த்து எண்ணியவள்

ஜெஸீமாவை முதியோர் இல்லத்து வேலையிலிருந்து நிறுத்திய அன்றே, நிர்வாகி பளீல் காரணத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டினான். பெண்கள் பகுதிக்கு வந்தவர்கள் சராசரி எட்டு மாதத்தில் மௌத்தாகி மண்ணுக்குப் போகிறார்களாம். ஆண்கள் பகுதியில் இரண்டரை வருடம் இருக்கிறார்களாம். ஆண்கள் பகுதிக்குப் பொறுப்பான றுமைஸ், பளீலின் மச்சான்.

பதினொரு வருடம் பெண்கள் பகுதியைப் பார்த்தவள் ஜெஸீமா. ஒருத்திக்கும் படுக்கைப் புண் வரவிட்டதில்லை. யாரோ அறிவித்தலைப் படம் பிடித்துப் பரப்ப, நோயாளியைப் பராமரிக்க வரச்சொல்லியிருந்த மருதமுனை வீடும் வேண்டாமென்றது. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அவள் அழவில்லை. பளீலை அவன் வாயாலேயே நாறடிப்பதென்று முடிவெடுத்தாள்.

பளீல் மௌத்தானவர்களின் மாதங்களை மட்டும் கூட்டி வகுத்திருந்தான். வந்து மூன்று, நான்கு வருடமாகியும் உயிரோடிருக்கும் பத்தொன்பது பெண்கள் அந்தச் சராசரியிலேயே இல்லை. ஆண்கள் பகுதியில் வேறு தந்திரம். அங்கே மூன்று மாதம் தாண்டினால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். நிலைமை மோசமானால் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் ‘போனார்’ என்று எழுதுவார்கள். ஆண்டறிக்கையிலும் அப்படியே அச்சாகும்.

இல்லத்துச் சமையல்காரி ஆகிலா ஒரு பையோடு வந்தாள்.

“ராத்தா, பத்தியச் சாப்பாட்டுக் கொப்பியெல்லாம் இதுக்க இரிக்கி. பளீல் அறிஞ்சா என்னையும் துரத்துவான்.”

“துரத்தட்டுமே. ரெண்டு பேரும் அப்பம் சுட்டு விப்பம். தா கா இஞ்ச.”

யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு உப்புக் குறைக்க வேண்டும் என்று, சேர்ந்த நாளிலிருந்தே அந்தக் குறிப்பேடுகளில் பெயர்கள் இருந்தன. பதிவேட்டில் இல்லாத ஆறு ஆண்கள் அகப்பட்டார்கள். ஆறு பேரும் மூன்று மாதத்துக்குள் முடிந்தவர்கள். பிறகு, ‘போன’ பதினான்கு பேரைத் தேடிச் சம்மாந்துறை, வரிப்பத்தான்சேனை என்று பஸ் ஏறினாள். ஒன்பது பேர் வீடு போய் ஒரு மாதம் தாண்டவில்லை. இரண்டு பேர் உயிரோடிருந்தார்கள். மூன்று குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. அந்த மூவரையும் அவள் சாகடிக்கவுமில்லை, வாழவைக்கவுமில்லை. கடைசியாகக் கண்ட நாள்வரை மட்டும் எண்ணினாள்.

கணக்கை மாதம் மாதமாகப் போட்டாள். மாதம் தொடங்கும்போது கணக்கில் உயிரோடு எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மௌத்து, மிஞ்சியது எத்தனை பங்கு. அந்தப் பங்கை அடுத்த மாதத்துப் பங்கால் பெருக்கிக்கொண்டே போனாள். ஒரு வருட முடிவில் பெண்கள் நூற்றுக்கு எழுபத்தொன்று மிஞ்சினார்கள், ஆண்கள் நாற்பத்தாறு.

ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் வாரமே, பெயர்களோடு கணக்கெழுதிய கடதாசியை இல்லத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டாள். கூட்டத்தில் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

“இது மெய்யா பளீல்?” என்றார் ஹாஜியார்.

“அவ கோவத்துல எழுதினது, ஹாஜியார்.”

“அந்த வீடுகளுக்கு நானும் போன் எடுத்துக் கேட்டன். ஒண்டும் பிழையில்ல. ஜெஸீமா, நாளைக்கே வேலைக்கு வாங்க.”

“வேலையப் பத்தி மறுகா கதைப்பம், ஹாஜியார்,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். “முதல்ல ஒட்டினவரே இதை வாசிக்கட்டும். பேர் பேரா.”

பளீல் எழுந்தான். முன்வரிசையில் அந்தப் பெயர்களுக்குரியவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். வீடு வீடாகப் போய் அழைத்து வைத்தவள் ஜெஸீமாதான். எட்டாவது பெயரில் அவன் குரல் உள்ளே போயிற்று.

“கேக்கல்ல மனே,” என்றாள் ஜெஸீமா. “முதல்ல இருந்து வாசி.”