கேட்காமல் தூக்கிய கைகள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிப் படிக்க நான் இங்கிலாந்து போயிருந்தேன். அங்கே பேருந்து ஓட்டுநர்கள் சாய்தளத்தை இறக்கிவிட்டு, என் சக்கர நாற்காலியைத் தொடும் முன் அனுமதி கேட்பார்கள். முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். குற்றாலத்தில் சீசன். தென்காசி பேருந்து நிலையத்தில் குற்றாலம் பஸ்ஸில் ஏறக் கூட்டம் முண்டியடித்தது. கண்டக்டர் பின்னாலிருந்து என் அக்குளில் கைகொடுத்து மூட்டையைப் போலத் தூக்கினார். விரல்கள் மார்பில் அழுந்தின.

"விடுங்க!" என்று கத்தினேன்.

"ஏட்டி, சும்மா இரு. ஒனக்குத்தான ஒதவி செய்யுதேன்."

அவர் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் கசிந்தும் நான் விடவில்லை. அவர் அலறிக்கொண்டு என்னைக் கீழே போட்டார். பஸ் படியில் மோதி என் உதடு கிழிந்தது.

"ஒதவி செய்ய வந்தவரக் கடிக்குதா பாரு" என்று ஒரு பெண் என் நாற்காலியை எட்டி உதைத்தாள்.

தரையில் கிடந்தபடியே ரத்தத்தைத் துப்பினேன். "என்னைத் தொடுததுக்கு முன்ன என்கிட்ட கேக்கணும்!"

கண்டக்டர் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் குனிந்தார். "எப்படித்தான் தூக்கணும்? சொல்லித் தொல."

எங்கள் ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். சொன்னபடியே ஏற்றினார். குற்றாலம் போய்ச் சேரும்வரை கிழிந்த உதட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.