கட்டை போட்டவர் தேருக்குப் போகவில்லை

தேர்க் கமிட்டிக்காரர்களே, நீங்கள் நன்றி கெட்டவர்கள்.

உங்கள் பல நூறு வருஷத் தேரைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன். வடகரப்பதியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடும்போது போனதாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்தார், பையைத் தூக்கினார், மறுபடி உட்கார்ந்தார்.

"தேருக்குத்தானுங்களே?" என்றேன்.

"ஊனக் கை கட்டையைத் தொடக்கூடாதுன்னு இந்த வருசம் சொல்லிப்போட்டாங்க. ரெண்டு விரலை வாங்கிக்கிட்ட தேருக்கு மிச்சம் மூணு ஆகாதாமா! சும்மா நின்னு பாக்கறதா, ஊட்டுக்கே திரும்பறதான்னு தெரியலீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கோயில் நிறுத்தத்தில் கண்டக்டர் கத்தினார்: "அண்ணா, எறங்குறீங்களா இல்லீங்களா?"

அவர் படிவரை போய்த் திரும்பி வந்தார். நானும் இறங்கவில்லை.

அந்தக் கை எதனால் ஊனமானது? தேர் கிளம்பும் முன்னால், ஊரே கேட்க, மைக்கில் சொல்லுங்கள்.