சிரித்தால் வரும் இருமல்

என் கணவருக்கு நுரையீரலில் தழும்பு விழும் நோய் என்று தெரிந்ததும், எங்கள் பிளாக்கில் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சாம்பிராணி என்றார். கீழ் வீட்டுக்காரர் மாடியில் அடையும் புறாக்களைக் காட்டினார். வெளியூர்ச் சொந்தங்கள் விசாரிக்கவே இல்லை. "நெய்வேலி மைன்ஸ்ல இருக்காரு இல்ல" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அவர் டிராயிங் ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, சளி பிடிக்கிறது என்று புலம்புகிறவர் என்றால் யார் கேட்கிறார்கள்? டாக்டர் மட்டும்தான் காரணம் தெரியவில்லை என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

படி ஏறினால் மூச்சு வாங்குவதைக்கூடச் சமாளித்துவிடலாம். இருமல்தான் பெரிய தொல்லை. பேசினால் வரும், சிரித்தால் அதைவிட அதிகமாக வரும். எங்கள் குடித்தனம் ஓடியதே சிரிப்பில்தான். நான் காடாம்புலியூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. அவரோ காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கும் ஸ்கேலோடு வருகிற மனிதர். கிண்டலுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. நான் ஒன்று சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் அப்படிச் சிரித்தபோது இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றோடு நான் வாயைக் கட்டிக்கொண்டேன். மாத்திரை போட்டாச்சா, வெந்நீர் வேண்டுமா என்பதற்கு மேல் பேச்சில்லை. டிவியில் காமெடி வந்தால் சேனலை மாற்றுவேன். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே, "அவருக்குச் சிரிப்பு காட்டாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவேன். பிளாக்கில் பொறுப்பான மனைவி என்று பெயர் கிடைத்தது. எனக்கோ வீட்டுக்குள் இருப்பதே அலுத்துவிட்டது.

போன மாதம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த நோயில் இனிமேல் எதை முதலில் ஆராய வேண்டும் என்று நோயாளிகளையே கேட்கப் போகிறார்களாம். இவ்வளவு படித்துவிட்டு நம்மிடமா கேட்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. விழுங்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

கூட்டத்தில் ஒரு விவசாயி, இது பிள்ளைகளுக்கும் வருமா என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு பெரியம்மா, கரண்ட் போனாலும் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்றார். கரண்ட் தயாரிக்கும் ஊரிலிருந்து போன எனக்கே அது நியாயமாகப் பட்டது. பிறகு ஒரு டாக்டரம்மா, "ஆயுளைக் கூட்டற மருந்தா, இருமலைக் குறைக்கற மருந்தா, எதை முதல்ல தேடணும்?" என்று கேட்டார். ஆயுள் என்று சொல்ல நான் கையைத் தூக்குவதற்குள் மைக் என் கணவரிடம் போய்விட்டது.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"இருமல்தாங்க. நான் சிரிச்சா இருமல் வருது. அதுக்குப் பயந்து இவ பேசறதையே நிறுத்திட்டா. வீட்ல ஒரு நர்ஸ் இருக்கற மாதிரி இருக்கு. எனக்கு என் பொண்டாட்டி வேணுங்க. அதுக்கு ஏதாவது கண்டுபிடிங்க."

ஹாலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் உடனே இருமவும் ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அடக்கி வைத்திருந்தது இவருக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "சிரிச்சா அப்பிடி மூச்சு முட்டுதே, பயமா இல்லியா?"

"நீ பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு. நான் இப்பவே போயிட்ட மாதிரி."

அவர் காதோரம் குனிந்து, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு வாயே தொறக்காம பஜ்ஜி துன்னுக்கினு இருந்தீங்க. இத்தினி வருசம் கழிச்சி மைக் புடிச்சி பொண்டாட்டி வேணும்னு கேக்கறீங்க" என்றேன்.

சிரித்தார். இருமலும் வந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதுகைத் தடவி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இருமல் அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.